சுதந்திர வர்த்தகம்: யாருக்குச் சுதந்திரம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த வகுப்பு நம்மிடையே எழுந்த ஒரு தகராறிலிருந்து பிறந்தது. வெளிநாட்டுப் பஞ்சின் மீது 2021 பட்ஜெட்டில் 11 சதவீத இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் அந்த வரியை அவ்வருடக் கடைசி வரை நிறுத்தி வைத்தது. உடனே ஆலைத் தோழர்கள் சிலர், "பஞ்சு மலிந்தால் மில் நிற்காமல் ஓடும், நமக்கு ஷிப்டு கிடைக்கும், இதில் என்ன தப்பு?" என்றார்கள். பருத்திக் காட்டில் வேலை செய்யும் தோழர்களோ, "அந்நியப் பஞ்சு வந்து இறங்கினால் இங்கே பருத்தி போடுகிறவன் நிலத்தைத் தரிசு போட்டுவிடுவான். அப்புறம் எங்களுக்கு எடுப்புக் கூலி எங்கே?" என்று கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே செங்கொடியைத் தூக்குகிறவர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சண்டை புதிதல்ல. ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்பே இங்கிலாந்துத் தொழிலாளிகள் இதே முடிச்சை அவிழ்க்கப் பாடுபட்டார்கள். அவர்கள் அனுபவத்தைப் பார்த்தால் நம்முடைய முடிச்சும் அவிழும்.

1815-ல் இங்கிலாந்தில் தானியச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சுமார் 218 கிலோ கொண்டது ஒரு குவார்ட்டர். உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை 80 ஷில்லிங் விலையைத் தொடும் வரை, வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வந்து விற்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். சட்டம் செய்த பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நிலப்பிரபுக்கள். கோதுமை விலை ஏறினால் குத்தகை ஏறும். ரொட்டி விலையும் ஏறுமே, மில்லில் வேலை செய்கிறவன் என்ன தின்பான் என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. 1819 ஆகஸ்டு 16-ந் தேதி மாஞ்செஸ்டரில் பீட்டர் மைதானத்தில் சுமார் 60,000 ஜனங்கள் வாக்குரிமை கேட்டுக் கூடினார்கள். தானியச் சட்டம் ஒழிக என்ற கொடிகளும் அங்கே இருந்தன. குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கில் காயம்.

இவ்வளவும் நடந்தபோது அந்த ஊர் மில் முதலாளிகளில் பெரும்பாலோர் குதிரைப்படையின் பக்கம் இருந்தார்கள். அதே முதலாளிகளுக்கு 1830-களின் கடைசியில் திடீரென்று ஞானோதயம் வந்தது. மாஞ்செஸ்டரில் தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. காப்டன், பிரைட் என்ற இருவர் அதற்குத் தலைவர்கள். "வாங்குவதும் விற்பதும் மனிதனின் இயற்கை உரிமை, ஏழையின் ரொட்டிக்கு வரி போடுவது கடவுளுக்கே அடுக்காது" என்ற பாணியில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். விவசாயக் கூலிகளுக்கும் நன்மை வரும் என்று துண்டுப் பிரசுரம் எழுதுவோருக்குப் பரிசு கொடுத்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும்.

ஓநாய்க்கு ஏன் அழுகை வந்தது? ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் 1815-லேயே இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டார். அவர் பங்கு வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர், முதலாளிகளுக்காக எழுதியவர், ஆனால் கணக்கில் நேர்மையானவர். தானிய விலை ஏறினால் கூலி ஏற்ற வேண்டிவரும், லாபம் குறையும். தானியம் மலிந்தால் கூலியைக் குறைக்கலாம், லாபம் உயரும் என்பது அவர் கணக்கு. சங்க மேடையில் சொன்னது ரொட்டியின் விலை. கணக்குப் புத்தகத்தில் இருந்தது கூலியின் விலை.

இங்கிலாந்துத் தொழிலாளிகள் ஏமாளிகள் அல்ல. அவர்கள் சாசன இயக்கம் என்று சொந்தமாக ஓர் இயக்கம் கட்டியிருந்தார்கள். எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்குப்பதிவு உள்ளிட்ட ஆறு கோரிக்கைகள். 1842-ல் 33 லட்சம் கையெழுத்துடன் பார்லிமெண்டுக்கு மகஜர் கொண்டுபோனார்கள். பார்லிமெண்ட் அதைத் தள்ளியது. அந்த ஆகஸ்டிலேயே மில்களில் கூலிவெட்டு வந்தது. லங்காஷயர் தொழிலாளிகள் ஊர்வலமாகப் போய், மில்லுக்கு மில் பாய்லரின் அடைப்பானைப் பிடுங்கி நீராவியை வடித்து, எஞ்சின்களை நிறுத்தினார்கள். தானியச் சட்ட எதிர்ப்புக் கூட்டங்களுக்கும் போய், "ரொட்டி மலிந்தால் கூலியைக் குறைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பீர்களா?" என்ற பொருளில் கேட்டார்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

1846-ல் சட்டம் ரத்தாயிற்று. அடுத்த வருஷம், 1847-ல், பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கும் ஜவுளி மில்களில் தினம் 10 மணிக்கு மேல் வேலை கூடாது என்ற சட்டம் வந்தது. ஏழையின் ரொட்டிக்காகக் கண்ணீர் விட்ட பிரைட் அதை எதிர்த்தார். ஏன் என்றால், முதலாளியும் தொழிலாளியும் தங்கள் விருப்பப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் சட்டம் தலையிடக் கூடாதாம்! முந்தின வருஷத் தோல்விக்குப் பழிவாங்க நினைத்த நிலப்பிரபுக்கள் பலர் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப்போட்டார்கள். இரண்டு கூட்டத்தாரும் சண்டையிட்டுக்கொண்ட சந்தில் தொழிலாளி, பல வருஷம் போராடிக் கேட்டதில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொண்டான்.

பின்னாளில் இங்கிலாந்தில் ரொட்டி மலிந்தது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மலிவு தொழிலாளியின் வயிற்றில் தங்குமா, கூலிவெட்டாக மாறி முதலாளியின் பெட்டிக்குப் போகுமா என்பதை வரிச் சட்டம் தீர்மானிக்கவில்லை. சங்கம் பலமாக இருந்த இடத்தில் தங்கியது. இல்லாத இடத்தில் பறிபோனது.

சங்கமே இல்லாத ஜனங்கள் மீது சுதந்திர வர்த்தகம் இறங்கினால் என்ன ஆகும்? அதற்கு இரண்டு உதாரணம். ஒன்று அயர்லாந்து, மற்றொன்று நம்முடைய பூமி.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழுகியது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடில்லை. நிலத்தில் கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன, ஆடுமாடுகளும் இருந்தன. அவையெல்லாம் குத்தகைக்கும் சந்தைக்கும் உரியவை. பஞ்ச காலத்திலும் கப்பல் ஏறி இங்கிலாந்து போயின. லண்டன் கஜானாவிலிருந்து நிவாரணத்தை நடத்திய அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். சந்தையின் போக்கில் கைவைக்கக் கூடாது என்பது அவருடைய மதம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அதே டிரெவெல்யன் 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். ஒன்றரை வருஷம்கூட நிலைக்கவில்லை. ஆனால் அவர் போதித்த மதம் இங்கே தங்கிவிட்டது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. சென்னை சர்க்கார் தானியம் வாங்கி இருப்பு வைக்கப் புறப்பட்டது. வைஸ்ராய் லிட்டன் சர்க்கார் அதைக் கண்டித்தது; தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்று கட்டளை. ரயில் இருந்தது, ஆனால் ரயில் பசி இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, விலை இருக்கும் இடத்துக்குப் போனது. இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதி அந்த வருஷங்களிலும் நிற்கவில்லை.

1877-ல் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணாக் காசு என்று அவர் கூலி நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு வெயிலில் கல்லுடைக்க வேண்டும். சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ் என்ற ஆங்கிலேயரே, இது மனிதனைக் கொல்லும் கூலி என்று வாதாடினார். இந்த டெம்பிளுக்கு விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும்! மூன்று வருஷத்துக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் இவரே பர்மாவிலிருந்து அரிசி தருவித்து ஜனங்களைக் காப்பாற்றியவர். அப்போது செத்தவர்கள் வெகு சிலர். அதற்காக மேலிடம் அவரைப் பாராட்டவில்லை. பணத்தை வீணடித்தாய் என்று திட்டியது. அந்தப் பாடத்தை அவர் சென்னையில் ஒப்புவித்தார். 1876-78 பஞ்சத்தில் 50 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் மாண்டதாகக் கணிக்கிறார்கள்.

நம்மில் பலருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கும். "சுதந்திர வர்த்தகம் பொய் என்றால், உள்நாட்டு முதலாளிக்கு வரிப் பாதுகாப்புக் கொடுப்பது சரியா?" இதையும் பார்த்துவிடுவோம்.

சுதந்திர வர்த்தகத்தை உலகுக்குப் போதித்த இங்கிலாந்து, தன் நெசவு குழந்தையாக இருந்தபோது 1700-லும் 1721-லும் இந்தியச் சாயத் துணிகளுக்குத் தடைச் சட்டம் போட்டது. மில் வளர்ந்து பலம் வந்த பிறகுதான் சுதந்திரம் பேசியது. 1882-ல் லங்காஷயர் முதலாளிகளின் நிர்ப்பந்தத்தால் இந்தியாவில் இங்கிலாந்துத் துணி மீதிருந்த வரியை எடுத்தார்கள். 1896-ல் நம் மில் துணி மீதே மூன்றரை சதவீத உற்பத்தி வரியைச் சுமத்தினார்கள். அது 1925 வரை இருந்தது. இந்த அநியாயத்தை எதிர்த்து இந்திய முதலாளி முழக்கமிட்டபோது தேசமே அவர் பக்கம் நின்றது. நின்றது சரிதான். ஆனால் பலன் வந்தபோது என்ன ஆயிற்று? 1930-ல் அந்நியத் துணிக்கு எதிராக வரிப் பாதுகாப்புக் கிடைத்தது. 1933-34-ல் பம்பாய் மில்களில் கூலியை வெட்டினார்கள். 1934 ஏப்ரலில் தொழிலாளிகள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூலையிலேயே கம்யூனிஸ்ட் கட்சி சட்டவிரோதமாக்கப்பட்டது. வரி இல்லாதபோதும் கூலிவெட்டு. வரி வந்த பிறகும் கூலிவெட்டு.

சரி, இந்த "இயற்கை உரிமை" என்ற வார்த்தைக்கு வருவோம். நம் பேச்சாளர்களும் இதை அடிக்கடி உபயோகிக்கிறார்கள். "உழுபவனுக்கு நிலம் பிறப்புரிமை, ஆகவே புரட்சி நியாயம்" என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். மிராசுதாரும் அதே வார்த்தையைத்தானே சொல்கிறார்? "என் பாட்டன் சொத்து எனக்குப் பிறப்புரிமை" என்கிறார். இரண்டு பிறப்புரிமை எதிரெதிரே நின்றால் தராசு எங்கே இருக்கிறது?

பிரான்சில் 1789-ல் மனித உரிமைப் பிரகடனம் செய்தார்கள். சுதந்திரம், சொத்து, பாதுகாப்பு, கொடுமையை எதிர்த்தல் ஆகிய நான்கும் மனிதனின் இயற்கை உரிமைகள் என்று அதில் அறிவித்தார்கள். மகத்தான பிரகடனம், மன்னராட்சியை ஆட்டிவைத்த பிரகடனம். 1791 வசந்தத்தில் பாரிஸ் தச்சுத் தொழிலாளிகள் ஒன்றுசேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள். ஜூன் 14-ல் லெ ஷப்பெலியே என்ற சட்டசபை அங்கத்தினர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: தொழிலாளிகள் கூடிப் பேசிக் கூலி நிர்ணயிப்பது சுதந்திரத்துக்கு விரோதம், ஆகவே தடை! பிரான்சில் வேலைநிறுத்தம் செய்வது குற்றமல்ல என்றாக 1864 வரை காக்க வேண்டியிருந்தது. சங்கம் சட்டபூர்வமாக 1884 வரை.

அந்தப் பிரகடனத்தின் சேதி கடல் தாண்டி பிரான்சின் அடிமைக் காலனியான ஹெய்ட்டிக்கும் போனது. கரும்புத் தோட்டத்துக் கறுப்பு அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் சுதந்திர நாடு கண்டார்கள். பிரகடனம் செய்த நாடு என்ன செய்தது? 1825-ல் போர்க்கப்பல்களை அனுப்பி, எஜமானர்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. இழந்த சொத்தில் அந்த ஜனங்களும் அடக்கம். தங்களையே விலை கொடுத்து வாங்கச் சொன்னார்கள்!

இதே வாதம் சென்னைப் பெரம்பூருக்கும் வந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1920-ல் பக்கிங்காம் கர்நாடிக் மில் நிர்வாகம், சங்கத் தலைவர் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு என்ன? வேலை ஒப்பந்தத்தை முறிக்கும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்களாம்! கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது. ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் தனியாக நிற்கும் ஒரு நெசவுத் தொழிலாளி. இவர்கள் இருவரும் சமமான சுதந்திரத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம். நடுவில் சங்கம் புகுந்து கெடுத்துவிட்டதாம். இந்த அநீதிக்குப் பிறகு 1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தொழிலாளிகள் ஓயாமல் கிளர்ச்சி செய்தார்கள். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18-வது பிரிவு, தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று பதிவு பெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்றது. அந்தப் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. இயற்கையும் தரவில்லை.

ஆகவே, உரிமை என்பதெல்லாம் முதலாளித்துவ மோசடி என்று சில இளம் தோழர்கள் சொல்வதை நாம் ஏற்கவில்லை. ஹெய்ட்டி அடிமைக்கும் சாசன இயக்கத் தொழிலாளிக்கும் அந்த வார்த்தை ஆயுதமாக இருந்தது. ஆனால் வார்த்தை அவர்களை ஜெயிக்க வைக்கவில்லை. உரிமைக்கும் உரிமைக்கும் மோதல் வந்தால் பலம்தான் தீர்க்கும் என்று 'மூலதனம்' முதல் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் விளக்குகிறார். படிக்கத் தெரிந்த தோழர்கள் அந்த அத்தியாயத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இன்னொரு விதமான வாதமும் இருக்கிறது. இது அதிக ஆபத்தானது. 1848 ஜனவரி 9-ந் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மார்க்ஸ் சுதந்திர வர்த்தகத்தைப் பற்றிப் பேசினார். அதன் வேஷத்தை எல்லாம் கிழித்துவிட்டு, கடைசியில், இது பழைய தேச அமைப்புகளை உடைத்து வர்க்க மோதலை முற்றவைக்கிறது, அந்த அர்த்தத்தில் மட்டும் இதை ஆதரிக்கிறேன் என்று முடித்தார். இதைப் படித்த சிலர், "அப்படியானால் நிலைமை மோசமாக ஆக நல்லது, பசி முற்றினால் புரட்சி வரும்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

பசியிலிருந்து புரட்சி வருமானால் தாது வருஷத்தில் வந்திருக்க வேண்டும். வந்ததா? கஞ்சித் தொட்டிக்கு வரிசை வந்தது. இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கால்நடையாகப் போனார்கள். அயர்லாந்துக்காரன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். அரைவயிற்றுக் கஞ்சிக்கு அல்லாடுகிறவன் அடுத்த வேளையைத்தான் பார்ப்பான். 1842-ல் எஞ்சினை நிறுத்தியவர்கள் யார்? கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, சந்தா வசூலித்துப் பழகிய மில் தொழிலாளிகள். மார்க்ஸும் துன்பம் முற்றட்டும் என்று காத்திருக்கவில்லை. 1864-ல் அகிலத் தொழிலாளர் சங்கத்தின் ஆரம்ப அறிக்கையில் அந்தப் பத்து மணிச் சட்டத்தை ஒரு பெரும் கொள்கை வெற்றியாகக் கொண்டாடினார். ஒரு மணி நேர ஓய்வு கிடைத்தால் அந்த ஒரு மணியில் தொழிலாளி படிப்பான், கூடுவான்.

அப்படியானால் புரட்சிக்கு நியாயம் எதில் இருக்கிறது? முதலாளி கெட்டவர் என்பதில் இல்லை. டெம்பிள் பீகாரில் நல்லவராகத்தான் இருந்தார். வரி இருந்தது, வரி போனது, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் நஷ்டம் கீழே இறங்கியது, லாபம் மேலே ஏறியது. ஏன்? பஞ்சைப் பறிப்பவளும் நூற்பவனும் நெய்பவனும் ஆயிரக்கணக்கில் சேர்ந்து உழைக்கிறார்கள். என்ன விளைவிப்பது, எப்போது மில்லை ஓட்டுவது, எப்போது மூடுவது என்பதை மட்டும் சிலர் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் உழைக்கிறவர் கைக்கு வராத வரையில், எந்தச் சட்டத்தில் எந்த நன்மை வந்தாலும் நாம் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். காவல் அசந்த அன்று அது போய்விடும்.

இனி பஞ்சு வரிக்கு வருவோம். அமெரிக்கா நம் சரக்கு மீது 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டது. சுதந்திர வர்த்தகத்தை உலகுக்கு உபதேசித்த நாடு அது! திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்ட அந்தச் சமயத்தில்தான் இங்கே பஞ்சு வரியை எடுத்தார்கள். மில் தோழர் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது, லங்காஷயர் தொழிலாளி கேட்ட அதே கேள்விதான்: "பஞ்சில் மிச்சமாகும் பணத்தில் எங்கள் கூலிக்கு எவ்வளவு? ஆட்குறைப்பு இல்லை என்று எழுதித் தருவீர்களா?" பருத்திக் காட்டுத் தோழர் கேட்க வேண்டியது, ஆதார விலைக்கு இந்தியப் பருத்திக் கழகம் நேரடிக் கொள்முதல் செய்கிறதா, அந்த விலை கிடைக்கிற நிலத்தில் பெண்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்பது. வரி இருக்கும் காலத்திலும் இந்தக் கேள்விகள் உண்டு. இல்லாத காலத்திலும் உண்டு.

இரண்டு கேள்விகளும் தனித்தனி நோட்டீசாக வேண்டாம். ஒரே நோட்டீசில், ஆலைச் சங்கத்தின் பெயரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் பெயரும் சேர்ந்து அச்சாக வேண்டும். பெரம்பலூர், விருதுநகர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் பெண்களிடம் மில் தோழர்கள் போய் அதைக் கொடுக்க வேண்டும். மில் வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் காட்டுத் தோழர்கள் நின்று விநியோகிக்க வேண்டும். நோட்டீசின் வாசகத்தை இப்போது எழுதத் தொடங்கலாம். பேனா யாரிடம் இருக்கிறது?